பள்ளியில் தலைமை, வழிகாட்டல், சேவை: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாணவர் மன்றத்துக்கும் சேவைக் குழுவுக்கும் பொறுப்பாசிரியராகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. மாடிப்படியில் நிறுத்திக் கேட்டவை, இடைவேளையில் தயங்கித் தயங்கிக் கேட்டவை, பெற்றோர் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து கேட்டவை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தருகிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் ரகசியம் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

லீடர்னா என்ன வேலை மிஸ்? பேசுறவங்க பேரை போர்டுல எழுதுறதா?

அந்த வேலையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கூடப் படிப்பவர்களை வேவு பார்க்கச் சொன்னால் அந்த லீடருக்கு வகுப்பில் ஒரு நண்பர்கூட மிஞ்ச மாட்டார். ஆசிரியர் உள்ளே வந்தால் அமைதி, வெளியே போனால் இரைச்சல் என்று வகுப்பும் பழகிவிடும்.

வகுப்பில் நடப்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், ஆசிரியர் எடுத்த முடிவு வகுப்புக்குப் புரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் லீடர். கடைசி பெஞ்சில் இருப்பவருக்குப் போர்டு தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று நாளாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். விளையாட்டு பீரியடில் எப்போதும் அதே நாலு பேருக்குத்தான் பந்து கிடைக்கிறது. இவை எங்கள் கண்ணில் படுவது அபூர்வம். உங்கள் கண்ணில் பட வேண்டும், பட்டதும் ஏதாவது செய்ய வேண்டும்.

நான் அதிகமா பேச மாட்டேன். மேடைன்னாலே கை நடுங்கும். நானெல்லாம் லீடர் ஆக முடியுமா?

ஆகலாம். மேடையில் பேசுவது லீடரின் வேலையில் சின்னப் பகுதி. ஆண்டுக்கு நான்கைந்து முறை பேச வேண்டியிருக்கும், அதையும் குழுவில் வேறு யாரிடமாவது கொடுக்கலாம். மற்ற நாட்களில் தேவைப்படுவது கேட்கும் காது, சொன்னதை மறக்காத மனசு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பழக்கம்.

நான் பார்த்த மிக நல்ல தலைவர்களில் ஒரு பெண், இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட மைக்கைத் தொட்டதில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி, மறுநாள் காலை ஒவ்வொருவரிடமும் போய் மெல்ல நினைவூட்டுவாள். அந்தக் குழு எடுத்த எந்த வேலையும் பாதியில் நின்றதில்லை.

நல்லா மார்க் எடுக்கிறவங்களைத்தானே தேர்ந்தெடுப்பீங்க?

சில பள்ளிகளில் அப்படித்தான் நடக்கிறது, அது எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் ஒருவரின் படிப்பைச் சொல்லும். ஜூனியர் அழுதால் அவர் பக்கத்தில் உட்காருவாரா என்பதைச் சொல்லாது. சுமாராகப் படிக்கும் பிள்ளைக்குத் திணறுபவர்களின் கஷ்டம் இன்னும் சீக்கிரம் புரியும் என்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் முறை இதுதான். விருப்பமுள்ளவர்கள் முதலில் ஒரு மாதம் பதவி எதுவும் இல்லாமல் ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். அப்புறம் மாணவர்களின் ஓட்டு, அதோடு ஆசிரியர்களின் கருத்து. ஓட்டு மட்டும் என்றால் பிரபலமானவர் ஜெயிப்பார், ஆசிரியர் மட்டும் என்றால் அடக்கமானவர் ஜெயிப்பார். அந்த ஒரு மாத வேலைதான் ஓட்டுப் போடுபவர்களுக்கும் எங்களுக்கும் ஆளைக் காட்டுகிறது.

எலெக்‌ஷன்ல தோத்துட்டேன் மிஸ். இனிமே நான் எதுக்கு வரணும்?

வலிக்கத்தான் செய்யும். ஒரு வாரம் வர வேண்டாம், பரவாயில்லை. அப்புறம் வாருங்கள். பேட்ஜ் இல்லாமல் செய்ய முடியாத வேலை என்று பள்ளியில் மிகக் குறைவுதான் இருக்கிறது. ஜூனியர்களுக்கு வழிகாட்டவோ, நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டவோ, சேவைக் குழுவில் ஒரு பொறுப்பை எடுக்கவோ யாரும் ஜெயித்திருக்க வேண்டியதில்லை. ஓட்டுக் கேட்டபோது ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால், தோற்ற பிறகும் அதில் ஒன்றையாவது செய்யுங்கள்.

மென்டர்னா டியூஷன் எடுக்கிற மாதிரியா?

டியூஷனில் பாடம்தான் மையம். வழிகாட்டலில் அந்த ஜூனியர்தான் மையம். ஒரு நாள் முழுக்கப் பின்னங்கள் பற்றிப் பேசலாம், மறுநாள் புதுப் பள்ளியில் கழிவறை எங்கே இருக்கிறது, எந்த ஆசிரியரிடம் எப்படிச் சந்தேகம் கேட்பது என்பதைப் பற்றியே பேசலாம். இரண்டும் வேலைதான்.

பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நேற்று வந்த யோசனை இல்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைக் கவனித்துக்கொள்ள வந்தவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதையே தன் இல்லத்தில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியருக்கு ஆகும் செலவைக் குறைக்க அந்த முறையைப் பயன்படுத்தியவர்களும் உண்டு, அது எனக்குப் பிடிக்கவில்லை. மூத்த மாணவர் ஆசிரியருக்கு மாற்று ஆகக் கூடாது. ஆசிரியர் எட்ட முடியாத இடத்தில்தான் அவருக்கு வேலை.

எனக்கே கணக்கு சரியா வராது. நான் எப்படி இன்னொருத்தருக்குச் சொல்லித் தர்றது?

உங்களுக்கு வருவதைச் சொல்லித் தாருங்கள். இரண்டு மூன்று வகுப்பு கீழே இருப்பவரின் கணக்கு உங்களுக்கு எட்டும். எட்டாவிட்டால் "எனக்கும் தெரியலை, நாளைக்குக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தால், அந்த ஜூனியர் அன்றைக்குக் கணக்கைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுக்கொள்வார்.

இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே பகுதியை இரண்டு குழுக்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் பரீட்சை இருக்கிறது என்றார்கள், இன்னொரு குழுவிடம் இதை வேறொருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, இரு குழுவுக்குமே பரீட்சைதான் வைத்தார்கள். சொல்லித்தரப் போகிறோம் என்று நினைத்துப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது, அதிலும் முக்கியமான கருத்துகள்.

முதல் நாள் அவன் வாயே திறக்கல மிஸ். "ம்", "சரி"ன்னு மட்டும்தான் சொன்னான். என்னைப் பிடிக்கலையோ?

முதல் நாள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்களைவிட உயரமான ஒருவர் எதிரே உட்கார்ந்து "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் நீங்கள் பேசுவீர்களா? எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்: படம் வரையலாம், புதிர் போடலாம், மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரலாம். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேச்சு தானாக வரும்.

"நல்லா படிக்கிறியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை எல்லாப் பெரியவர்களும் கேட்டாயிற்று. "இந்த ஸ்கூல்ல உனக்குப் புரியவே புரியாத விதி எது?" என்று கேட்டுப் பாருங்கள். நாலாவது ஐந்தாவது சந்திப்புவரை பொறுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், ஜோடியை மாற்றலாம். யார் மீதும் குற்றமில்லை, சிலருக்குச் சிலரோடு ஒத்துவராது.

எக்ஸாம் வருது. ஒரு மாசம் ஜூனியரைப் பார்க்காம இருந்துக்கலாமா?

முன்கூட்டியே சொல்லிவிட்டு இருக்கலாம். சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. இந்த நோட்டு முழுவதிலும் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இது.

வழிகாட்டல் உறவுகள் எவ்வளவு காலம் நீடிக்கின்றன என்பதை ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்தவற்றில் இளையவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் இளையவர்களின் தன்மதிப்பு குறைந்திருந்தது. அதாவது பாதியில் விட்டால், தொடங்காமலே இருந்திருக்கலாமோ என்று நினைக்கும் அளவுக்குக் கெடுதல் நேரலாம். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே யாராவது விட்டுப்போன பிள்ளையாக இருந்தால், நீங்கள் வராத ஒவ்வொரு வாரமும் "நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்" என்றுதான் அதற்குத் தோன்றும்.

அதனால் தொடங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஓர் ஆண்டுக்கு முடியாதென்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பரீட்சை மாதத்தில் "இந்தத் தேதி வரைக்கும் வர மாட்டேன், இந்தக் கிழமை திரும்ப வருவேன்" என்று நாளைக் குறித்துக் கொடுங்கள். நடுவில் வராந்தாவில் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பேசுங்கள், போதும். ஆண்டு இறுதியிலும் கடைசிச் சந்திப்பு எது என்பது ஜூனியருக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஜூனியர் என்கிட்ட ஒண்ணு சொன்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்ப நான் என்ன பண்றது அக்கா?

இது ஒரு சீனியர் மாணவியிடம் கேட்கப்பட்டு, அவள் வழியாக என்னிடம் வந்த கேள்வி. எனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, பரீட்சையில் ஃபெயில் ஆனதை வீட்டில் சொல்லவில்லை என்பது போன்ற விஷயங்கள் அவளுடையவை. அவற்றை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாராவது அடிக்கிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்றால் அது ரகசியம் இல்லை. சத்தியம் செய்திருந்தாலும் அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

சொல்லும்முன் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "இதை நான் ஒருத்தர்கிட்ட சொல்லணும், ஏன்னா நீ பத்திரமா இருக்கணும். யார்கிட்ட சொல்லலாம்னு நீயும் சொல்லு. நீ விரும்பினா நானும் கூட வர்றேன்." அவள் கோபப்படலாம், சில நாள் பேசாமலும் போகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களே விசாரணை நடத்த வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு, யார், எப்போ" என்று துருவத் துருவ அவள் காயம்தான் பெரிதாகும். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே நினைவில் வைத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பெரியவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று தட்டிக்கழித்தால் இன்னொருவரிடம் சொல்லுங்கள், அவரும் கேட்காவிட்டால் மூன்றாமவரிடம். கேட்பவர் கிடைக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

இனிமேல் வழிகாட்டலைத் தொடங்குபவர்கள் முதல் சந்திப்பிலேயே இந்த ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள். உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தவிர மற்றதெல்லாம் நமக்குள் என்று. பிறகு சத்தியத்தை மீற வேண்டிய நிலையே வராது. இன்னொன்று, இப்படி ஒரு விஷயத்தைக் கேட்ட நீங்களும் சின்னப் பிள்ளைதான். இரவு தூக்கம் வராது. உங்களுக்காகவும் யாரிடமாவது பேசுங்கள், என்னிடம் வரலாம்.

சேவைன்னா மரம் நடுறது, குப்பை பொறுக்குறது தானே?

அவையும் உண்டு. ஆனால் என்ன செய்யலாம் என்று நம் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வதில்தான் தவறு தொடங்குகிறது. அதில் எனக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. பொறுப்பேற்ற முதல் ஆண்டு மிகுந்த ஆர்வத்தோடு பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தில் ஐம்பது மரக்கன்றுகள் நட்டோம். அன்று பிள்ளைகள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விடுமுறை வந்தது. தண்ணீர் ஊற்றுவது யார் என்று நான் யோசிக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது உயிரோடு இருந்தவை நான்கு. அங்கே குடியிருந்த ஒரு பாட்டி, "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க ஊத்தியிருப்போமே" என்றார். அன்றிலிருந்து எந்த வேலைக்கும் முதல் வாரம் கேட்பதற்குத்தான்.

கேட்டால் நாம் நினைக்காதது வரும். முதியோர் இல்லத்துக்கு எதையாவது வாங்கிக்கொண்டு போகத் திட்டமிட்டோம், அங்கிருந்தவர்கள் கேட்டதோ செய்தித்தாள் வாசித்துக் காட்டவும் போனில் பேரப்பிள்ளைகளின் படங்களைத் திறந்து காட்டவும் ஆள். கீழ் வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்டோம், வாசிப்பில் பின்தங்கிய எட்டுப் பிள்ளைகளோடு தினம் பதினைந்து நிமிடம் உட்கார யாராவது வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் செலவே இல்லை. வேண்டியதெல்லாம் சொன்ன நாளில் வரும் பிள்ளைகள்.

மொத்தம் எத்தனை மணி நேரம் செய்யணும்? கட்டாயமா?

இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பள்ளிப் படிப்பை முடிக்கச் சேவையைக் கட்டாயமாக்க 1992-இல் முடிவெடுத்தது, அங்கே 75 மணி நேரம் என்பது அளவு. கனடாவின் ஒன்டாரியோவில் 40 மணி நேரம். இந்தியாவில் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் தொண்டர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் செய்கிறார்கள். சர்வதேச பாக்கலரேட் பாடத்திட்டத்தில் மணிக்கணக்கே கிடையாது, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து ஈடுபட வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் பள்ளியின் விதியை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு அந்தக் கடைசி வகைதான் பிடித்திருக்கிறது. 40 மணி நேரத்தைக் கடைசி ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். 18 மாதத்தை அப்படி முடிக்க முடியாது.

சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் வர்றாங்களே மிஸ், அவங்களையும் சேர்த்துக்கணுமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். எதற்காக வருகிறார் என்பது தொடங்கும் இடம்தான். சான்றிதழுக்காக வந்து, வாசிக்கத் தெரியாத ஒரு குழந்தை முதன்முதலாகத் தன் பெயரை எழுதியதைப் பார்த்த பிறகு அங்கேயே தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விருப்பமில்லாதவர்களைச் சேவைக்குக் கட்டாயப்படுத்தினால், அதன்பின் தானாகச் செய்யும் எண்ணமே அவர்களுக்குக் குறைகிறது என்று 1999-இல் ஓர் ஆய்வு காட்டியது. என்ன வேலை, எப்படிச் செய்வது என்பதைத் தேர்ந்தெடுக்க விட்டபோது அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. அதனால் அலுப்போடு வருபவரிடம் துடைப்பத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நான்கு வேலைகளைக் காட்டி "இதில் எது உனக்கு வரும்?" என்று கேளுங்கள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடலாமா?

நீங்கள் வேலை செய்யும் படம் என்றால் போடலாம். நீங்கள் உதவி செய்தவரின் முகம் தெரியும் படம் வேண்டாம். குழந்தைகளின் முகம் என்றால் பெற்றோரும் பள்ளியும் சம்மதிக்காமல் கூடவே கூடாது. குழந்தைகளின் தனிமையை மதிக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலேயே இருக்கிறது.

ஒரு பையைக் கையில் கொடுத்து, இருவரும் கேமராவைப் பார்த்து நிற்கும் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையை வாங்குபவர் உங்கள் அம்மாவாக இருந்தால் அதைப் பகிர்வீர்களா? இதற்குமேல் எந்த விதியும் நான் வைக்கவில்லை.

நிதி திரட்டலாமா?

பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு திரட்டலாம். பணத்தை ஒருவர் தனியாக எண்ணக் கூடாது, இருவர் எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியதற்கு ரசீது, செலவுக்கு பில், முடிந்ததும் கணக்கு அறிவிப்புப் பலகையில். பிள்ளைகள் மேல் சந்தேகத்தால் இதைச் சொல்லவில்லை. பின்னாளில் யாரும் உங்களைச் சந்தேகப்பட இடமே இருக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

குழுவில இருபது பேர் இருக்கோம், வேலை செய்றது நாலே பேர். மத்தவங்களை என்ன செய்ய?

எல்லாக் குழுத் தலைவர்களும் என்னிடம் அழுதிருக்கும் கேள்வி இது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்திருந்தால் கிடைத்திருக்கும் மொத்த பலத்தில் பாதிதான் வந்தது. சேர்ந்து இழுக்கும்போது ஒத்திசைவு கெடுவதும் ஒரு காரணம். தன் பங்கு தெரியாது என்ற நினைப்பு இன்னொரு காரணம், யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தனித்தனியாகத் தெரியும்போது மெத்தனம் குறைகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. ஆகவே மற்ற பதினாறு பேரும் கெட்டவர்கள் இல்லை.

"எல்லாரும் சேர்ந்து ஹாலைத் தயார் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். நாற்காலி இன்னாரும் இன்னாரும், மைக் இன்னார், வருகிறவர்களை அழைத்து உட்கார வைப்பது இன்னார் என்று பெயரோடு பிரியுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலில் சொன்ன பெண் செய்தது இதைத்தான். அப்புறம் அந்த நாலு பேரையும் கொஞ்சம் பாருங்கள். சில நேரம் அவர்களே மற்றவர்களை நெருங்க விடுவதில்லை. "நீ விடு, நானே செஞ்சிடறேன்" என்று ஒரு குழுவில் அடிக்கடி கேட்டால், மற்றவர்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

என் பெஸ்ட் ஃபிரெண்டே தப்பு பண்றான். நான் லீடர். சொல்லணுமா, சொல்லக் கூடாதா?

அவனால் யாருக்காவது கெடுதல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒருவரைக் கேலி செய்து அழ வைக்கிறான், ஜூனியரிடம் காசு பிடுங்குகிறான் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், ரகசியம் பற்றிய பதிலில் சொன்ன அதே அவசரத்தோடு. ஹோம்வொர்க்கைப் பார்த்து எழுதினான் என்றால் முதலில் அவனிடமே தனியாகப் பேசுங்கள். நண்பன் என்ற உரிமை அதற்குத்தான்.

அவன் கேட்கவில்லை என்றால், "இதுல நான் முடிவெடுக்கிற இடத்தில் இருக்க முடியாது, அவன் என் ஃபிரெண்டு, வேற யாராவது பார்க்கட்டும்" என்று எங்களிடம் சொல்லி விலகலாம். அது கோழைத்தனம் இல்லை. பெரியவர்களின் உலகத்திலும் நேர்மையானவர்கள் இப்படித்தான் விலகி நிற்பார்கள்.

பேருக்குத்தான் நாங்க மாணவர் மன்றம். எல்லா முடிவையும் டீச்சர்ஸே எடுக்கிறாங்க. இதுக்கு நாங்க எதுக்கு?

இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரியும். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளில் பிள்ளைகள் ஆட்டுவிக்கப்படுகிறார்கள், அலங்காரமாக நிற்கிறார்கள், பேருக்கு உட்கார வைக்கப்படுகிறார்கள். அவற்றைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. உச்சியில் இருப்பது, பிள்ளைகள் தொடங்கிப் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. விருந்தினருக்குப் பூங்கொத்துக் கொடுக்க மட்டும் அழைக்கப்படும் மாணவர் மன்றம் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர்கள்தான் பார்க்க வேண்டும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று, முன்பு சொன்ன ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அது 1989-இல் ஏற்கப்பட்டது.

ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். 1930-களின் இறுதியில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் பத்து வயதை ஒட்டிய பையன்களின் கைவேலைக் குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில குழுக்களில் பெரியவரே எல்லாவற்றையும் ஆணையிட்டார், சிலவற்றில் கலந்து பேசி முடிவெடுத்தார், சிலவற்றில் கண்டுகொள்ளாமல் விட்டார். பெரியவர் அறையைவிட்டு வெளியே போனதும் ஆணையிட்ட குழுவில் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழு தன் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது. கண்டுகொள்ளாமல் விட்ட குழுவில் வேலை சரியாக நடக்கவே இல்லை.

அந்த மூன்றாவது குழு உங்களுக்கு, பிள்ளைகளே. "எங்களை விட்டுடுங்க" என்று கேட்காதீர்கள், "எங்களோட உட்காருங்க" என்று கேளுங்கள். ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள், நூலகம் திறக்கும் நேரம் போல. எத்தனை பேருக்குப் பாதிப்பு, என்ன மாற்று, யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். அதைச் சரியாக நடத்திக் காட்டினால் அடுத்த முடிவு உங்கள் கைக்குச் சுலபமாக வரும். எழுதி வந்ததைப் படிக்காமலே மறுத்தால் ஏன் என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. என்னிடமும் கேளுங்கள்.

டீச்சர், இதெல்லாம் செய்தா படிப்பு கெட்டுப் போகாதா?

பெற்றோரின் கவலை நியாயமானது. கெட்டுப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து. மன்றம், விளையாட்டு, சேவைக் குழு, ஆண்டு விழா என்று நான்கையும் எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரே ஒரு பொறுப்பு என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாங்கும். அதற்குமேல் எடுத்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே குறைத்துவிடுகிறேன். ஆனால் மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக வழிகாட்டலை நிறுத்தாதீர்கள். பரீட்சைக் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, அந்தத் தண்டனை உங்கள் பிள்ளைக்கு மட்டும் போய்ச் சேராது, காத்திருக்கும் இன்னொரு குழந்தைக்கும் போய்ச் சேரும்.

நாங்க ஸ்கூல் முடிச்சுப் போயிட்டா இதெல்லாம் என்ன ஆகும் மிஸ்?

கடைசி மாதத்தில் இதைக் கேட்டால் காலம் கடந்துவிட்டது. முதல் மாதத்திலேயே கேளுங்கள். ஒவ்வொரு பொறுப்பிலும் உங்களுக்குக் கீழ் வகுப்பு மாணவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு சேர்ந்து செய்யுங்கள், கடைசி மூன்று மாதம் அவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள்.

ஒரு நோட்டையும் விட்டுச் செல்லுங்கள். அதில் யாரை எப்போது பார்க்க வேண்டும், சாவி யாரிடம், முதியோர் இல்லத்துக்கு எந்தக் கிழமை வசதி, எந்த வேலை சொதப்பியது, ஏன் சொதப்பியது என்பதெல்லாம் இருக்க வேண்டும். சொதப்பியதை மறைக்காமல் எழுதுங்கள், அடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள். செத்துப்போன நாற்பத்தாறு மரக்கன்றுகள் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அதற்குக் கீழே, விடுமுறையில் யார் யார் எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வேறு கையெழுத்தில் சேர்கிறது.